ஏறிய கட்டணம் டீச்சர் கைக்குப் போகவில்லை என்றால் எங்கே போகிறது?

ஈரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் போன வருஷம் 52,000 ரூபாய் கட்டினீர்கள். இந்த வருஷம் 61,000 கேட்கிறார்கள். காரணம் கேட்டால், "டீச்சருக்கெல்லாம் சம்பளம் கூட்டியிருக்கோம் சார்" என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதே பள்ளியில் பாடம் எடுக்கும் உங்கள் கொழுந்தியாளுக்கு 18,000 இருந்தது 19,500 ஆனதோடு சரி. "மீதிப் பணம் எங்கே போகுது, இதைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?" என்பது உங்கள் கேள்வி.

நான் ஆடிட்டர். பள்ளி நடத்தும் அறக்கட்டளைகளின் கணக்கைப் பல வருஷமாகப் பார்த்துவருகிறேன். கேட்க உரிமை உண்டு. எங்கே போகிறது என்பதற்குப் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் நீங்கள் கொடுத்த எண்களையே கூட்டிக் கழித்துப் பார்ப்போம். ஒரு செக்‌ஷனில் 35 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 61,000 என்றால் அந்த ஒரு வகுப்பறையிலிருந்து வருஷத்துக்கு 21,35,000 ரூபாய் வருகிறது. தொடக்கப் பள்ளியில் ஒரு செக்‌ஷனுக்கு ஒரு வகுப்பாசிரியரும், இந்தி, கம்ப்யூட்டர், பி.டி. போன்றவற்றுக்கு வந்துபோகிறவர்களின் பங்காக இன்னொரு அரை ஆளும் ஆக ஒன்றரை ஆசிரியர் என்று பிடிக்கலாம். எல்லாருக்கும் 19,500 என்றே வைத்தால் வருஷத்துக்கு 3,51,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கையும் ஒழுங்காகக் கட்டினால் நாலு லட்சத்தை ஒட்டி வரும். அதாவது வருகிற ஒரு ரூபாயில் 19 பைசாகூட ஆசிரியருக்குப் போகவில்லை.

இப்போது ஏற்றத்தை மட்டும் பாருங்கள். 9,000 ரூபாய் ஏற்றம், 35 பிள்ளைகள், ஆக 3,15,000. ஒன்றரை ஆசிரியருக்கு மாதம் 1,500 கூட்டியதில் பள்ளிக்கு ஆன கூடுதல் செலவு வருஷத்துக்கு 27,000. உங்களிடம் சொன்ன காரணம் ஏற்றத்தில் ஒன்பது சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மிச்சம் 2,88,000 ரூபாய்க்கு வேறு காரணம் இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லவில்லை.

பள்ளிக்கு வேறு செலவு இல்லையா என்றால், உண்டு. தலைமையாசிரியர், அலுவலகத்தார், ஆயா, வாட்ச்மேன், கரண்ட் பில், தண்ணீர், சொத்து வரி, காப்பீடு, வருஷா வருஷம் வெள்ளையடிப்பு. பாதுகாப்புச் செலவும் இருபது வருஷத்துக்கு முன்பு இருந்ததுபோல இல்லை, இருக்கவும் கூடாது. 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போனார்கள். கீற்றுக் கொட்டகை, குறுகிய மாடிப்படி எல்லாம் அதன்பிறகுதான் கேள்விக்கு வந்தன. 2012இல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் அடிப்பலகை ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. தீயணைப்புத் துறைச் சான்று, கட்டட உறுதிச் சான்று, பேருந்துக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, உதவியாளர் எல்லாவற்றுக்கும் பணம் ஆகும். அந்தப் பணத்தைக் குறை சொல்லவே கூடாது. அங்கீகாரம் புதுப்பிக்க அலைகிறபோது எந்தக் கணக்கிலும் எழுத முடியாத செலவு ஒன்றும் ஆகிறது என்று நிர்வாகிகள் வெளிப்படையாகவே பேசுகிறார்கள். அதையும் கடைசியில் பெற்றோர்தான் சுமக்கிறார்கள்.

இவ்வளவையும் தாராளமாகப் போட்டு, ஆசிரியர் சம்பளத்துக்குச் சமமாக இன்னொரு நாலு லட்சம் என்று வைத்தாலும், அந்த ஒரு வகுப்பறையிலிருந்து பதிமூன்று லட்சம் மிஞ்சுகிறது. உங்கள் கேள்விக்கான பதில் இந்தப் பதிமூன்று லட்சத்தில்தான் இருக்கிறது.

பெரும்பகுதி கட்டடத்துக்குப் போகிறது. இதில் வரிச் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு, பெற்றோர் பலருக்கு அது தெரிவதில்லை. பள்ளியை நடத்துவது அறக்கட்டளை அல்லது சங்கம். லாபம் எடுக்கும் தொழிலாகப் பள்ளி நடத்தச் சட்டத்தில் இடமில்லை. அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கு வேண்டுமென்றால் அந்த வருஷத்து வருமானத்தில் 85 சதவீதத்தை அதன் நோக்கத்துக்கே செலவழித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் இன்னதற்குச் செலவழிக்கப் போகிறோம் என்று முறையாக எழுதிக்கொடுத்து ஒதுக்கிவைக்க வேண்டும். இடம் வாங்குவதும், மாடி எழுப்புவதும், பேருந்து வாங்குவதும் "செலவு" என்றே கணக்காகும். அதனால் பிப்ரவரி, மார்ச் வந்தால் கரஸ்பாண்டன்ட்களிடமிருந்து எனக்கு வரும் போன் ஒரே மாதிரிதான் இருக்கும்: "எண்பத்தஞ்சு வந்துருச்சாங்க? எவ்வளவு குறையுது?" குறைகிற தொகைக்கு இரண்டு பேருந்துக்கு முன்பணம் போகும், பக்கத்து நிலம் கிரயமாகும், புது பிளாக்குக்கு அஸ்திவாரம் தோண்டுவார்கள். அதே தொகையை ஆசிரியருக்குச் சம்பளமாகக் கொடுத்தாலும் 85 சதவீதம் நிறைவேறும். அப்படி ஒரு யோசனை அந்த போனில் வருவது மிகவும் அபூர்வம். சம்பளம் கொடுத்தால் போய்விடும், கட்டடம் கட்டினால் சொத்தாக நிற்கும் என்ற நினைப்புதான்.

கட்டடம் பிள்ளைகளுக்குத்தானே என்று கேட்கலாம். கழிப்பறையும் ஆய்வுக்கூடமும் கட்டினால் சரி. பல இடங்களில் உங்கள் மகள் கட்டும் பணத்தில் பெருந்துறையிலோ கோபியிலோ இரண்டாவது கிளை எழும்புகிறது. அந்தக் கிளைக்கு வாங்கிய வங்கிக் கடனின் இஎம்ஐ இந்தப் பள்ளியின் கட்டணத்திலிருந்து போகிறது. பணம் கட்டிக் கட்டடம் எழுப்பிய பிறகு, அடுத்த முறை கட்டணம் நிர்ணயிக்கும் அரசுக் குழுவிடம் கணக்குக் கொடுக்கும்போது அதே கட்டடத்தின் தேய்மானமும் செலவுப் பட்டியலில் ஏறும். கட்ட ஒருமுறை, தேய்ந்ததற்கு இன்னொருமுறை என ஒரே சுவருக்குப் பெற்றோர் இரண்டு தடவை கொடுக்கிறார்கள்.

இதை உச்ச நீதிமன்றம் கவனிக்காமல் இல்லை. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு, தனியார் கல்வி நிறுவனம் வளர்ச்சிக்கென்று நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், நன்கொடையும் கொள்ளை லாபமும் கூடாது என்றது. 2004இல் டெல்லியின் மாடர்ன் ஸ்கூல் வழக்கில் இன்னும் விவரமாகப் பேசியது: பள்ளியில் சேர்ந்த பணத்தை அதை நடத்தும் சங்கத்துக்குத் திருப்பிவிடக் கூடாது, கட்டடம் போன்ற மூலதனச் செலவைக் கட்டணத்தின் பகுதியாக வைக்கக் கூடாது, வளர்ச்சிக் கட்டணம் வாங்கினால் கல்விக் கட்டணத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அப்படி வாங்கும் பள்ளி தேய்மானத்துக்குச் சமமான தொகையைத் தனி நிதியாக வைத்திருக்க வேண்டும். அது டெல்லிப் பள்ளி விதிகளை வைத்துச் சொன்னது, தமிழ்நாட்டுக்கு வரிக்கு வரி பொருந்தாது. ஆனாலும் இன்றைய பிள்ளையின் பணம் இன்றைய பிள்ளைக்கே செலவாக வேண்டும் என்ற அந்த நியாயம் எந்த ஊருக்கும் பொருந்தும் என்பதே என் எண்ணம்.

கட்டடத்துக்கு அடுத்தது குடும்பம். பள்ளிக்கூடம் அறக்கட்டளை பெயரில் இருக்கும். அது நிற்கும் நிலம் தாளாளரின் அம்மா பெயரில் இருக்கும், மாத வாடகை அவருக்குப் போகும். பேருந்துகள் மகன் பெயரில் உள்ள டிராவல்ஸிலிருந்து ஒப்பந்தத்தில் வரும். நோட்டும் யூனிஃபார்மும் மருமகள் நடத்தும் ஏஜென்சி சப்ளை. "அகடமிக் டைரக்டர்" என்று ஒருவருக்கு மாதம் இரண்டு லட்சம் சம்பளம் இருக்கும், அவர் பள்ளிப் பக்கம் வந்ததை வாட்ச்மேன்கூடப் பார்த்திருக்க மாட்டார். நிர்வாகிகளின் நெருங்கிய சொந்தத்துக்குச் சந்தை விலைக்கு மேல் கொடுத்தால் வரி விலக்குக்கே ஆபத்து என்று சட்டம் சொல்கிறது. ஆனால் வாடகைக்கு எது சந்தை விலை? ஒரு மதிப்பீட்டாளரின் கடிதம் கிடைத்தால் போதும், கோப்பு சுத்தமாகிவிடும். அப்படிப்பட்ட கடிதங்களை நான் ஏற்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அடுத்த வருஷம் அந்தக் கணக்கு வேறு ஆடிட்டரிடம் போயிருக்கும்.

மூன்றாவது, பெயர். "இன்டர்நேஷனல்", "டெக்னோ", "ஒலிம்பியாட்" என்று பலகை மாறும்போது பின்னால் பெரும்பாலும் ஒரு ஃபிரான்சைஸ் ஒப்பந்தம் இருக்கும். பெயருக்கு ஒருமுறை தொகை, அப்புறம் வருஷா வருஷம் வசூலில் ஒரு சதவீதம் ராயல்டி. ஆறாம் வகுப்பிலிருந்தே நீட் ஃபவுண்டேஷன் என்று சேர்த்துவிட்டால் அந்தப் பாடப் புத்தகத்துக்கும் சாஃப்ட்வேருக்கும் தனிப் பணம். இவ்வளவு கட்டிய பிறகும் பிள்ளை சாயங்காலம் டியூஷன் போகிறது. 2025இல் மத்திய அரசு நடத்திய கல்விச் செலவு ஆய்வில் நாட்டில் 27 சதவீத மாணவர்கள் தனி டியூஷனுக்கோ கோச்சிங்குக்கோ போவதாகத் தெரிந்தது. அதே ஆய்வில் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு குடும்பம் வருஷத்துக்குச் சராசரியாக 2,863 ரூபாயும், மற்ற பள்ளிகளில் 25,002 ரூபாயும் செலவழிப்பதாக வந்தது. உங்கள் 61,000 அந்த இரண்டாவது சராசரியைப்போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

ஆசிரியர் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன், எனக்கு மனசு அதிகம் கொதிப்பது அங்கேதான். சில பள்ளிகளின் சம்பளப் பதிவேட்டில் 32,000 என்று இருக்கும், வங்கிக் கணக்கிலும் 32,000 ஏறியிருக்கும், காகிதத்தில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் அந்த டீச்சரின் ஏடிஎம் கார்டு அலுவலக மேஜை டிராயரில் இருக்கும், அல்லது ஐந்தாம் தேதிக்குள் 14,000 ரூபாயை ரொக்கமாக ஆபீஸில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கட்டணம் நிர்ணயிக்கும் குழுவுக்குப் போவது 32,000 என்ற கணக்கு, வீட்டுக்குப் போவது 18,000. கேட்டால் வேலை போய்விடும், ஏற்கனவே சான்றிதழ்களின் அசல் பள்ளியிடம் இருக்கிறது. உங்கள் கொழுந்தியாளிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள், ரசீதில் கையெழுத்துப் போடும் தொகையும் கையில் வாங்கும் தொகையும் ஒன்றுதானா என்று. இன்னொன்றும் இருக்கிறது. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) தர வேண்டும் என்று 2009இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பள்ளிகள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயின, 2022 ஆகஸ்டில்தான் தோற்றன. ஆசிரியருக்காகத்தான் கட்டணம் ஏற்றுகிறோம் என்பவர்கள் அதே ஆசிரியரின் பணிக்கொடையைத் தடுக்கப் பத்து வருஷத்துக்கு மேல் வழக்கு நடத்தியது எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை.

எல்லாப் பள்ளியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. பள்ளிபாளையத்திலோ சென்னிமலையிலோ வருஷத்துக்கு 15,000 வாங்கும் நர்சரி பிரைமரி பள்ளியில் வகுப்புக்கு 25 பிள்ளைகள் இருந்தால் மொத்தமே 3,75,000. ஒரு டீச்சர், ஒரு ஆயா, வாடகைக் கட்டடம், அதோடு தீர்ந்தது. அங்கே தாளாளரே காலையில் வேன் ஓட்டுவார். கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத இடத்தில் சேர்த்த பிள்ளைகளுக்கு அரசு தர வேண்டிய பணம் வருஷக்கணக்கில் தள்ளிப்போகும்போது முதலில் அடிவாங்குவதும் அவர்தான். பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்ட நிதியை மத்திய அரசு நிறுத்திவைத்த தகராறில் 2025இல் அந்தச் சேர்க்கையே பல மாதம் தாமதமானது. அந்தச் சின்னப் பள்ளி ஆயிரம் ரூபாய் ஏற்றினால் எனக்குப் புரிகிறது. ஆயிரத்து ஐந்நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்பதாயிரம் ஏற்றிவிட்டு அதே காரணத்தைச் சொன்னால் ஏற்க மாட்டேன்.

இனி உரிமை. தமிழ்நாட்டில் 2009 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்தும் சட்டம் இருக்கிறது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு உண்டு. பள்ளி இருக்கும் இடம், வசதிகள், நிர்வாகச் செலவு, வளர்ச்சிக்கான நியாயமான உபரி ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிப்பார்கள். அந்த உத்தரவு மூன்று கல்வியாண்டுக்குச் செல்லும். நீதிபதி கோவிந்தராஜன் குழு 2010இல் முதன்முதலாகக் கட்டணத்தை அறிவித்தபோது பல பள்ளிகள் நீதிமன்றத்துக்கு ஓடின. அவருக்குப் பின் வந்த நீதிபதி ரவிராஜ பாண்டியன் குழு மறுபடி எல்லாவற்றையும் கேட்டு நிர்ணயித்தது. நிர்ணயித்ததற்கு மேல் வாங்கினால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்பதோடு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை என்றும் சட்டத்தில் இருக்கிறது. சி.பி.எஸ்.இ. பள்ளி என்பதால் தப்பிக்க முடியாது, அவையும் இந்தக் குழுவுக்குள்தான் வருகின்றன.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் கட்டணம் ஏன் ஏறுகிறது? பள்ளி கொடுக்கும் தணிக்கை செய்த கணக்கை வைத்தே குழு முடிவெடுக்கிறது என்பது ஒரு காரணம். மேலே சொன்ன 32,000 சம்பளமும், அம்மாவுக்குப் போகும் வாடகையும் அந்தக் கணக்கில் முறையான செலவாகவே நிற்கும். ஒவ்வொரு பள்ளிக்கும் ஆள் அனுப்பி டீச்சரிடம் தனியாகக் கேட்கக் குழுவுக்கு ஆட்பலம் இல்லை. இன்னொரு காரணம், ரசீதைப் பிரிப்பது. குழு நிர்ணயித்தது 28,000 என்றால் பள்ளியின் பெயரில் 28,000க்குத்தான் ரசீது கொடுப்பார்கள். மீதி 33,000க்கு "ஆக்டிவிட்டி", "ஸ்மார்ட் கிளாஸ்", "ஸ்கில் டெவலப்மென்ட்" என்று வேறொரு கம்பெனி பெயரில் ரசீது வரும், சில இடத்தில் வெறும் துண்டுச் சீட்டு.

எனவே நீங்கள் மூன்று தொகைகளைத் தேடி எடுங்கள். ஒன்று, உங்கள் பள்ளிக்கும் உங்கள் மகளின் வகுப்புக்கும் குழு நிர்ணயித்த கட்டணம். பள்ளியின் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மாவட்டத் தனியார் பள்ளிகள் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டு, வருமான வரிக் கழிவுக்காகப் பள்ளி கொடுக்கும் டியூஷன் ஃபீஸ் சான்று. பழைய வரி முறையில் இருக்கும் பெற்றோர் யாராவது வாங்கி வைத்திருப்பார்கள். அதில் நன்கொடை, வளர்ச்சிக் கட்டணம் சேரக் கூடாது என்பதால் பள்ளி அங்கே உண்மைக்குக் கிட்டத்தில் எழுதும். மூன்று, நீங்கள் கையிலிருந்து கட்டிய மொத்தம். வேன் கட்டணத்தையும் நோட்டுப் புத்தகத்தையும் தனியாக எடுத்துவிட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் உங்கள் புகாரின் முதல் பக்கம் அதுதான்.

பள்ளி தன் கணக்கை உங்களிடம் நேராகக் காட்டாது. ஆனால் அது குழுவிடமும் கல்வித் துறையிடமும் கொடுத்த காகிதம் அரசு அலுவலகத்தில் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டுக் கட்டண உத்தரவின் நகலையும், விண்ணப்பத்தோடு கொடுத்த வரவு-செலவு அறிக்கையின் நகலையும் கேளுங்கள். "மூன்றாம் நபர் தகவல்" என்று முதலில் மறுப்பார்கள், மேல்முறையீடு செய்யுங்கள். அறிக்கை கையில் வந்தால் எல்லா வரியையும் படித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். மொத்த வரவில் ஆசிரியர் சம்பளம் எத்தனை சதவீதம், வாடகை யாருக்குப் போகிறது, கடன் வட்டி எந்தக் கட்டடத்துக்கு, "தொழில்நுட்ப ஆலோசனை" போன்ற தலைப்பில் எவ்வளவு என்று நாலு வரி பார்த்தால் போதும்.

தனியாகப் போகாதீர்கள். உங்கள் மகளை மட்டும் குறிவைப்பார்கள் என்ற பயம் நியாயமானது. ஒரே வகுப்புப் பெற்றோர் பத்துப் பேர் கையெழுத்துப் போட்ட கடிதம் என்றால் அணுகுமுறை மாறும். கட்டணத்தைக் காரணம் காட்டி டி.சி. தராமல் இழுத்தால், எட்டாம் வகுப்பு வரை அந்தத் தாமதத்துக்காக அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசப் போங்கள்.

உங்கள் பள்ளியின் மூன்றாண்டு உத்தரவு எந்த ஆண்டோடு முடிகிறது என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். முடிகிற வருஷத்தில்தான் பள்ளி புதுக் கணக்கோடு குழு முன்னால் போகும். உங்கள் பத்துப் பேரின் ரசீது நகல்களும், கம்பெனி பெயரில் வந்த ரசீதுகளும், டீச்சர் சம்பளம் பற்றி உங்களுக்குத் தெரிந்ததும் அந்த விசாரணைக்கு முன்பே எழுத்து மூலமாகக் குழுவின் கோப்பில் ஏறியிருக்க வேண்டும். கொழுந்தியாள் பெயர் மட்டும் எங்கும் வர வேண்டாம்.